ஊசிக்கு முன்னால் ஒரு பெயர்

கொல்கத்தா பவானிபூரில் ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரே ஒரு நீலக் கதவு உண்டு. மற்றதெல்லாம் பச்சை. மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் கட்டடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பியபோது, சுப்பம்மாள் தன் கதவை மறித்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது நீலமாவே இருக்கட்டும்" என்று பஜாரில் கற்றுக்கொண்ட வங்காளத்தில் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெயின்டருக்கு என்ன, ஒரு கதவு வேலை மிச்சம் என்று போய்விட்டார்.

அந்தக் கதவுக்கு உள்ளே முன்னறையில் காலையில் இட்லி, வடை. மதியத்துக்கு மேல் முறுக்கு. எங்கள் வங்கிக் கிளை அங்கிருந்து நாலு நிமிட நடை. நான் கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது நாளே அந்தக் கதவைக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதே சுப்பம்மாள் கேட்டார்.

"தம்பிக்கு விளாத்திகுளம் பக்கமா?"

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"சட்னிய மேல ஊத்தாம ஓரத்துல வைக்கச் சொன்னீகளே. எங்க பக்கத்து ஆளுகதான் அப்படிக் கேப்பாக."

அவருக்கு அறுபத்து மூன்று வயது. இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவர். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. ஆனால் வீட்டில் ஆண் என்று யாரும் கிடையாது. ஒரே மகள் விஜயலக்ஷ்மி திருப்பூரில் இருக்கிறார். "கதவப் பூட்டிட்டு வாம்மா" என்று வாரம் ஒருமுறை போனில் சத்தம் போடுவார். "வாரேன், வாரேன்" என்று இவரும் சொல்வார். போனதில்லை.

விஷயத்தை எனக்குச் சொன்னது எங்கள் கிளையிலிருந்து ஓய்வு பெற்ற மஹாதேவன் சார்தான். சுப்பம்மாளின் கணவர் முதலில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்து, பிறகு சொந்தமாக முறுக்குக் கடை போட்டவர். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், ஊரிலிருந்து ரயிலில் வந்த மிளகாய் மூட்டையை எடுத்து வர ஹவுராவுக்குப் போனார். பார்சல் ஆபீசுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. மூட்டை பத்து நாள் அங்கேயே கிடந்தது. ஆளைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"நல்லா இருக்கார்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது. இந்த அம்மா பொட்டை அழிக்கல, கதவு கலரை மாத்தல. திரும்பி வந்தா வீடு தெரியணுமில்லப்பா?" என்றார் மஹாதேவன் சார்.

இதில் ஒரு வேடிக்கை. எட்டு மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டும் அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. சுப்பம்மாள் சொல்லமாட்டார். "அவுக" என்பார். "அவுகளுக்கு உளுந்து வாசம் தூக்கலா இருக்கணும்." "அவுக இருந்தா இந்த மழைக்கு இஞ்சி தட்டிப் போடச் சொல்லுவாக." எல்லாம் நேற்று வெளியே போனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். பக்கத்தில் இருக்கும் புருஷனுக்கே அப்படியென்றால், எங்கே இருக்கிறார் என்று தெரியாதவருக்கு எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

போன ஆவணி மாதம் முறுக்குச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து அவருடைய இடது கால் விரல்களில் கொட்டிவிட்டது. சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. வலியே தெரியவில்லையாம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, துணியைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் இட்லி ஊற்றியிருக்கிறார். ஒரு வியாழக்கிழமை மாலை நான் போனபோது உளுந்து வாசத்தையும் மீறி ஒரு நாற்றம். துணியை அவிழ்க்கச் சொன்னேன். கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப்போயிருந்தன.

டாக்சி பிடித்து அலிப்பூர் பக்கம் இருக்கும் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. ஒன்றுகூட விடக்கூடாது. மருந்து பிடித்தால் விரலோடு போகும். பிடிக்காவிட்டால் பாதத்தை எடுக்கவேண்டி வரும்."

சுப்பம்மாளிடம் அப்படியே தமிழில் சொன்னேன். அவர் தன் காலைப் பார்க்கவில்லை. "ஆசுபத்திரியில எத்தன நாளு தம்பி? கதவப் பூட்டிக் கெடந்தா நல்லா இருக்காதே. எம்மகளுக்குச் சொல்லிறாதீக, வந்து கையோட கூட்டிட்டுப் போயிருவா" என்றார்.

முதல் ஊசி என் கண் முன்னால் போட்டார்கள். அப்புறம் சேர்க்கைப் படிவம். கவுன்ட்டரில் இருந்தவர் தாளை என் பக்கம் தள்ளி, "நீங்களே நிரப்பிவிடுங்கள், நீங்கள் படித்தவர்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு தாளை ஆங்கிலத்தில் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த வார்த்தை இனிக்கத்தான் செய்தது. முதல் பெயர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வங்கியில் சேரும்போது எனக்கும் இதே கட்டம் வந்தது. அப்பா பெயரைப் போட்டேன். அதனால் எங்கள் கிளையில் எல்லோரும் என்னை "மிஸ்டர் வேலுச்சாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத, கிணறு வெட்டும் என் அப்பாவை ஏசி ரூமுக்குள் மேனேஜர் மரியாதையோடு கூப்பிடுகிற மாதிரி எனக்கு இருக்கும். திருத்தச் சொன்னதே இல்லை.

அதே கைப்பழக்கம். சுப்பம்மாளின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, கணவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினேன். சின்னசாமி. அன்றைக்குத்தான் அந்தப் பெயரை முதலில் பார்க்கிறேன். கையெழுத்து இடத்தில் அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். எழுதத் தெரியுமா என்று கேட்கவில்லை. தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பெண்கள் வார்டு. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் ஆண்கள் உள்ளே போகலாம். கட்டில் காலியில்லை, தரையில் மெத்தை போட்டார்கள். "யாரு என்ன கேட்டாலும் பேரைச் சொல்லுங்கம்மா, ஊசியப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனால், ஆளே வேறு மாதிரி இருந்தார். தரையிலிருந்து ஒரு கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். ஜுரத்தில் முகம் சிவந்திருந்தாலும் கண்ணில் அப்படி ஒரு ஒளி. எட்டு மாதத்தில் நான் பார்க்காத முகம்.

"தம்பி, வீட்டுச் சாவி இந்தா. டிரங்குப் பெட்டியில பச்சக் கண்டாங்கி ஒண்ணு இருக்கும். எடுத்தாங்க. சீப்பு, குங்கும டப்பா, எல்லாம்."

"ஆசுபத்திரியில எதுக்கும்மா கண்டாங்கி?"

"சொன்னதச் செய்யுங்க தம்பி. பேங்குல இப்படித்தான் கேள்வி கேப்பீகளா?"

"ஊசி போட்டாங்களா?"

"வாராக, போறாக" என்று சிரித்தார்.

மருந்து பிடித்துவிட்டது, அதுதான் இந்தக் குஷி என்று நினைத்துக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகிற ஆயாவிடம் சேலையைக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை நாலு மணி. வார்டுக்குள் நுழையும்போதே அந்த நாற்றம் என்னை வரவேற்றது. சுப்பம்மாள் பச்சைக் கண்டாங்கியைக் கட்டி, தலையைப் படிய வாரி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. உடம்பு கொதித்தது. கட்டுக்கு மேலே பாதம் வீங்கிப் பளபளத்தது. கறுப்பு மூன்றாவது விரலையும் தொட்டிருந்தது.

என் கையைப் பிடித்து அருகே இழுத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, யாருகிட்டயும் சொல்லிறாதீக. அவுக இங்கதான் இருக்காக."

"யாரும்மா?"

"அவுகதான். இதே ஆசுபத்திரியில. எந்த நரசம்மா வந்தாலும் தாளைப் பாத்து அவுக பேரச் சொல்லி எங்கிட்ட கேக்குது. ஒருதரம் இல்ல தம்பி. அஞ்சு தரம். கோத்தாய், கோத்தாய்னு நானும் கேக்கேன். எங்கன்னு சொல்ல மாட்டேங்குது. நீ பேரச் சொல்லு, நீ பேரச் சொல்லுங்குது. நாஞ் சொன்னாத்தான் காட்டுவாக போல. எப்படிச் சொல்லுவேன்? இத்தன வருசங் கழிச்சு ஆளு கெடச்ச நேரத்துலயா எவ்வாயால சொல்லுவேன்?"

எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து தரம். ஊசி.

நேராக நர்ஸ் மேசைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் ஷிப்ரா. நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மரியாதைக்கு தீதி என்று கூப்பிட்டு, சுப்பம்மாளின் சார்ட்டைக் கேட்டேன். எடுத்துத் திருப்பிக் காட்டினார். கம்ப்யூட்டர் அச்சில் மேலே, குடும்பப் பெயர் முதலில்: சின்னசாமி எஸ். சுப்பம்மாள் வெறும் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தார். அதற்குக் கீழே நேரக் கட்டங்கள். வெள்ளி காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. சனி காலை ஆறு, பகல் இரண்டு. ஐந்து கட்டத்திலும் ஒரே வார்த்தை. நோயாளி மறுத்துவிட்டார். காலையில் வந்த டாக்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்: நோயாளிக்கு எடுத்துச் சொல்லவும். எந்த மொழியில் என்று எழுதவில்லை.

"எப்படி தீதி மறுத்துட்டாங்கன்னு எழுதினீங்க?" என்று நான் ஆங்கிலமும் அரைகுறை வங்காளமுமாகக் கத்திவிட்டேன்.

ஷிப்ராவும் சும்மா இருக்கவில்லை. அவர் வங்காளத்தில் நான் பாய், அதாவது தம்பி; சுப்பம்மாள் மாஷி, அதாவது சித்தி. "கத்தாதே பாய். போன மாசம் இதே வார்டில் ஒரே பேரில் இரண்டு பேர். ஊசி மாறிப்போய் ஒரு அம்மா சாகக் கிடந்தார். அதிலிருந்து சட்டம், நோயாளி தன் வாயால் முழுப் பெயரைச் சொல்லாமல் ஊசி கிடையாது. உன் மாஷி தரையில் இருந்தார், அப்புறம் கட்டிலுக்கு வந்தார், கட்டில் நம்பரை நம்பி நான் குத்த முடியுமா? பேர் என்னன்னு கேட்டால் தாளில் இல்லாத ஏதோ சொல்கிறார். சின்னசாமியான்னு கேட்டால் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். நான் கெஞ்சினேன். கையைத் தொட்டால் உதறுகிறார். இதுக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்?"

அவர் சொன்னதில் தப்பு எதுவுமில்லை. தப்பு மேலே, அச்சில் இருந்தது. அது நான் எழுதியது.

"சின்னசாமி அவங்க இல்லை, தீதி. அவங்க புருஷன். காணாமல் போனவர். நான்தான் கட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டேன்."

ஷிப்ரா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "திருத்தணும்னா ரெக்கார்டு செக்ஷன். திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரைக்கும் இந்த சார்ட்தான் அவர். இப்பவே போய் அந்தப் பேரை ஒரு தடவை சொல்லச் சொல். அடுத்த நிமிஷம் ஊசி போடுகிறேன். உன் மாஷிக்கு நேரம் இல்லை, பாய்."

கட்டிலுக்குத் திரும்பி வந்த அந்த இருபது அடி தூரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுப்பம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் எந்த வார்டில் என்று விசாரித்து வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். குங்குமத்தைக்கூட அதற்குள் புதிதாக வைத்திருந்தார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத வரவில்லை. படிவம், கட்டம், என் கை, எல்லாம் சொன்னேன்.

"அப்ப அவுக இங்க இல்லையா?"

"இல்லம்மா."

"அந்தத் தாள்ல இருக்கிறது?"

"அது நீங்கதான்மா."

"நான் எப்படித் தம்பி அவுகளாவேன்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குங்குமம் கன்னம்வரை இழுபட்டது.

"ரெண்டு நாளாத் தூங்கல தம்பி நானு. ஒவ்வொரு தரமும் அந்த மருந்து வண்டிச் சத்தங் கேக்கும்போது, இந்தா கூட்டிட்டு வாராகன்னு இருந்தேன்."

"அம்மா, இப்ப அதை விடுங்க. அந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லிருங்க. ஊசி போட்டுருவாங்க. இல்லேன்னா பாதத்தை எடுத்துருவாங்கம்மா."

"எடுத்துக்கிறட்டும்."

"என்னம்மா பேச்சு இது?"

"பெறகென்ன தம்பி? எங்காலுக்காக அவுக ஆயுசக் கொறைக்கவா? எங்கன எப்படி இருக்காகளோ. நாஞ் சொல்லாம வச்சிருக்கிறதுதான் அவுகளுக்கு நாஞ் செய்யிறது. வேற என்ன செய்ய முடியுது என்னால?"

படித்தவன் என்று நான் வைத்திருந்த நியாயமெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. பெயருக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து அதைக் கேட்க முடியவில்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"சரிம்மா. அவரு ஒருநாள் வந்து அந்த நீலக் கதவைத் தட்டுறாருன்னு வச்சுக்குங்க. யாரு எந்திரிச்சுப் போய்த் திறக்கிறது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமா, அழுகையா, தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்ரா டிரேயில் ஊசியோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

சுப்பம்மாள் என் சட்டைப் பையைக் காட்டினார். "அந்தப் பேனாவக் குடுங்க."

கொடுத்தேன். எதற்கு என்று புரியவில்லை. மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தை மடியில் வைத்து, பேனாவைச் சாந்துக் குச்சி பிடிப்பதுபோல் பிடித்து, எழுத ஆரம்பித்தார். முதலில் ஒரு சி. கொக்கியை மேலே தூக்கி, முனையை நன்றாகச் சுழித்தார். அப்புறம் ஒரு ன். புள்ளியை அழுத்தி வைத்ததில் தாளில் ஓட்டை விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் நெல்லிக்காய் அளவு. ஓர் எழுத்தும் தடுமாறவில்லை. இருபத்தோரு வருடம் இதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

எழுதி முடித்துத் தாளை என்னிடம் நீட்டினார். நான் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திய அதே கை.

"அம்மா, உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"இது ஒண்ணுதான். வாயால சொல்லக் கூடாதுல்ல, எவனாச்சும் கேட்டா என்ன செய்வன்னு அவுகதான் மாவுல எழுதிச் சொல்லிக் குடுத்தாக. எம்பேரு எனக்கு எழுதத் தெரியாது."

ஷிப்ரா எட்டிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறார்?"

நான் உரக்கப் படித்தேன். "சின்னசாமி."

சுப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "அன்னைக்கும் போலீசு தானாவுல இப்படித்தான் எழுதிக் குடுத்தேன் தம்பி. ஆளக் காணோம், பேரு என்னன்னாக. எழுதி நீட்டுனேன். அந்த போலீசுக்காரரு தாளத் தலகீழாத் திருப்பிப் பாத்துட்டு, கண்ணாடிக் குண்டுக்குக் கீழ வச்சுட்டாரு. ரெண்டு நாளு அங்கனயே கெடந்துச்சு. பெறகு பேங்கு மஹாதேவன் வந்து படிச்சாரு. அந்த ரெண்டு நாள்ல ஆளு எம்புட்டுத் தூரம் போயிருக்கும்?"

நான் இதை ஷிப்ராவுக்குச் சொன்னேன். வாயால் ஏன் சொல்லமாட்டார் என்பதையும் சொன்னேன். ஷிப்ரா தன் நெற்றியில் பொத்தென்று அடித்துக்கொண்டார்.

"கடவுளே! என் மாமியாரும் இதேதான் பாய். மாமனார் பேரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் என்னைப் பிடித்துத் தள்ளி, நீ சொல்லு, நீ சொல்லு என்பார். அவர் இப்படி வாயைப் பொத்தியிருந்தால் எனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். இவர் வேறு ஊர் என்று நினைத்து விட்டுவிட்டேனே."

சுப்பம்மாளின் தோளைத் தொட்டு, "மாஷி, தாளில் எழுதினாலும் சொன்ன மாதிரிதான். சட்டத்தில் எழுதக் கூடாது என்று இல்லை" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே சுப்பம்மாள் கையை நீட்டிவிட்டார். ஊசி இறங்கும்போது ஷிப்ராவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயிலிருந்தும் அந்தப் பெயர் வந்திருக்கிறதே.

அந்தச் சீட்டை ஷிப்ரா பிளாஸ்திரியால் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். கீழே வங்காளத்தில் இரண்டு வரி எழுதினார்: இவர் பெயரை வாயால் சொல்லமாட்டார். இந்தச் சீட்டைக் காட்டுவார், ஊசி போடவும். அதற்குப் பிறகு ஒரு கட்டமும் விட்டுப்போகவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ரெக்கார்டு செக்ஷன் வாசலில் நின்றேன். விண்ணப்பம், ஆதார் நகல், இரண்டு கையெழுத்து. பெயர்: சுப்பம்மாள். குடும்பப் பெயர்: இல்லை. கணவர் பெயருக்கென்று ஒரு தனிக் கட்டம் அந்தப் படிவத்திலேயே மூன்றாவது வரியில் இருந்திருக்கிறது. வியாழக்கிழமை அது என் கண்ணில் படவில்லை. ஏசி ரூமில் என் அப்பா பெயரைக் கேட்டுப் பழகிய காது எனக்கு.

செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. மூன்று விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பித்தது. "இரண்டு விரலோடு முடிந்திருக்கும்" என்றார் டாக்டர். அந்த மூன்றாவது விரல் யார் கணக்கு என்பது எனக்குத் தெரியும்.

சுப்பம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைக் கேட்கத் தயாராக இல்லை.

"தாளெல்லாம் மாத்தியாச்சா தம்பி?"

"ஆச்சும்மா. இனிமே உங்க பேரைச் சொன்னாப் போதும்."

"இனிமே வண்டிய உருட்டிக்கிட்டு வந்து அந்தப் பேரக் கேக்கமாட்டாக?"

"கேக்கமாட்டாங்கம்மா."

தலையை ஆட்டினார். தலைமாட்டில் இருந்த சீட்டை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்து, நாலாக மடித்துக் குங்கும டப்பாவுக்குள் வைத்தார். பச்சைக் கண்டாங்கியை என்னிடம் கொடுத்து, "பெட்டியில வச்சிருங்க. இங்க கெடந்தா மருந்து வாசம் ஏறிப்போகும்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் ஒரு நாள் கட்டு மாற்ற வெளிநோயாளிப் பிரிவுக்குப் போகவேண்டும். நான் கூடப் போவேன். அங்கே ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. முதல் தடவை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சுப்பம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"தம்பி, ஒரே ஒரு தடவ. முன்ன எழுதுன மாதிரியே எழுதுனா என்ன?"

ஏன் கேட்கிறார் என்று புரிந்தது. கதவில் நிற்கும் ஆள் சீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிடுவார். கூடம் முழுக்க அந்தப் பெயர் கேட்கும்.

"வேண்டாம்மா" என்றேன். "ஊசி மருந்து விஷயம். என்னால முடியாது." பிறகு மூன்றாவது வரியில் கணவர் பெயர்க் கட்டத்தைக் காட்டிப் பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே நிதானமாக எழுதினார். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். "இது என்ன எழுத்து?" என்று கவுன்ட்டர்காரர் சலித்துக்கொண்டார். கீழே நான் சின்னதாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கதவில் நின்ற ஆள் கூப்பிட்டார். "சுப்பம்மாள்!" அவர் கையைத் தூக்கினார். கட்டு மாற்றி முடிய இருபது நிமிடம். புண் நன்றாக ஆறி வருகிறது என்றார்கள். நான் ஆட்டோ பார்க்கலாம் என்று எழுந்தேன். சுப்பம்மாள் கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன? கிளம்பலாமே."

கதவில் நின்ற ஆள் ஆண்கள் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி ஒரு வங்காளிப் பெயரைக் கூப்பிட்டார். ஒரு கிழவர் எழுந்து போனார். சுப்பம்மாள் அவர் முகத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, மறுபடி கதவின் பக்கம் திரும்பினார்.

"ஆம்பளச் சீட்டு இன்னும் ஒரு எட்டு இருக்கும்போல தம்பி. எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடிச்சிறட்டும்" என்றார். "பெறகு போவம்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.